அந்த ஃபெராரி படம் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன கிழமை விளையாட்டுப் பக்கத்தில "சின்ன கிளப்புகளை விழுங்குறது வீரர்களின் சம்பளப் பேராசை" எண்டு போட்டிருந்தனீங்கள், பக்கத்தில ஒரு ஃபெராரி படம் வேற. உங்களுக்குத் தெரியாததில்ல, ஃபெராரி கார் மேல்தட்டு ப்ரீமியர் லீக்காரற்ற, கட்டுரை இங்கிலாந்து ஃபுட்போலின்ர நாலாந்தட்டு லீக் டூ பற்றினது. செத்தவீட்டுச் செய்திக்குக் கலியாணப் படம் போட்ட மாதிரிக் கிடந்தது.

நான் வடமேற்கு இங்கிலாந்தில ஒரு லீக் டூ மைதானத்துக்கு முன்னால கடை வச்சிருக்கிறன், 20 வருசத்துக்கு மேல. கிளப் பேர் வேண்டாம், இன்னும் முகத்தில முழிக்கவேணும். 2011 இல அவை சம்பளம் குடுக்காம இழுத்தடிச்ச மாசம் ரெண்டாவது கோல்கீப்பர் பெடியன் கடைக்கு வந்தவன். பால், பாண், கைக்குழந்தைக்கு நாப்பி. 7 பவுண் 35. கார்ட் போகேல்ல, திரும்பப் போட்டான், போகேல்ல. ஒண்டும் சொல்லாமப் பாணைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலயே வச்சிட்டு, இப்ப எவ்வளவு எண்டு கேட்டான். மனிசிதான் எல்லாத்தையும் பையில போட்டுக் குடுத்தவ. இதுதான் உங்கட பேராசை.

அடுத்த மாசம் சம்பளம் வந்த அண்டே காசை எண்ணித் தந்திட்டுப் போனான். கிளப் எனக்குத் தரவேண்டியது 1,840 பவுண், சனிக்கிழமை மாட்சுகளுக்குக் குடுத்த பாலும் பணிசும். அது கடன் கட்டேலாம அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போக பவுணுக்கு 4 பென்ஸ் எண்டு தீர்ப்பு, 73 பவுண் 60க்கு ஒரு செக் வந்தது. ஃபுட்போல் கிரெடிட்டர்ஸ் எண்டு ஒரு விதி இருக்கு, வீரருக்கும் மற்ற கிளப்புகளுக்கும் முழுசாக் குடுத்தாத்தான் லீக்கில இருக்கலாம். பெடியனுக்குக் குடுத்ததில எனக்குக் கோவமில்ல, உழைச்ச காசு. ஆனா வீரரை வாங்கினதுக்கு மற்ற கிளப்புக்குக் குடுக்கவேண்டிய ட்ரான்ஸ்ஃபர் காசு முழுசாப் போகேக்க பால் குடுத்தவனுக்கு 4 பென்ஸ். வரி ஆஃபீசே 2012 இல உந்த விதிக்கு எதிரா கோர்ட்டுக்குப் போய்த் தோத்தது, நான் எந்த மூலைக்கு.

பெரி கிளப்பை (அது ஊர்ப் பேர், உங்கட ஆக்கள் 'புரி' எண்டு எழுதியிருந்தவை) வீரர்தான் அழிச்சவையாம். 1885 இல தொடங்கின கிளப், 1903 எஃப்.ஏ. கப் ஃபைனலில டார்பியை 6-0 அடிச்சது. 2018 டிசம்பரில ஒரு பவுணுக்குக் கைமாறினது, எங்கட கடையில ஒரு சொக்லேட் விலை. சம்பளம் ஒழுங்கா வராமலே அந்தப் பெடியள் விளையாடி, லீக் டூவில ரெண்டாவதா வந்து மேல ஏறினவங்கள். 2019 ஓகஸ்ட் 27 லீக் கிளப்பை வெளியில தள்ளிச்சு. இதில பேராசை ஆருக்கு?

சம்பளம் வரவுக்கு மிஞ்சிப் போறது உண்மைதான், நான் மறுக்கேல்ல. ஆனா கொன்ட்ராக்டில கையெழுத்து வைக்கிறது முதலாளி. பெடியளில கனபேருக்கு ஒரு வருசக் கொன்ட்ராக்ட், மே மாசம் கிளப் விடுற, ஆரை வச்சிருக்கினம் எண்ட லிஸ்டில பேர் இல்லாட்டி வீட்டை போகவேண்டியதுதான், கூடத் தந்தா வேண்டாமெண்டு உங்கட மருமகன் சொல்லுவாரோ? 2020 ஓகஸ்டில ஒரு கிளப்பின்ர வருசச் சம்பளத்துக்கு, மூண்டாந்தட்டு லீக் வண்ணில 25 லட்சம் பவுண், லீக் டூவில 15 லட்சம் எண்டு உச்சவரம்பு வச்சவை, வீரர் சங்கம் எதிர்த்து அடுத்த பெப்ரவரியில அது இல்லாமப் போச்சுது. திரும்பவும் பழைய கணக்கு வந்தது, வருமானத்தில இத்தனை வீதம்தான் சம்பளம் எண்டு, அதில முதலாளி பொக்கற்றால போட்ட காசையும் வருமானமா எண்ணினவை. அவருக்கு அலுப்புத் தட்டுறவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்கும்.

இதெல்லாம் முந்தியும் ரெண்டு கடிதத்தில எழுதினனான், போடேல்ல. போன உலகக்கோப்பைக்கு 16 பக்கம் போட்டனீங்கள், எங்கட மைதானத்துக்கு ஒருக்கா ஒரு நிருபர் வரட்டும் எண்டு கேட்டதுக்குப் பதிலே இல்ல. சந்தா மட்டும் தவறாம வெட்டுறியள், பேப்பர் புதன்கிழமைதான் வருது.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. அடுத்த இதழில அந்த ஃபெராரி படம் பிழையெண்டு ஒரு வரி போடுங்கோ. இந்தக் கடிதத்தைச் சுருக்கிறதெண்டா என்ர 1,840 பவுண் கதையை வெட்டுங்கோ, நாப்பி விசயத்தில கை வைக்காதேங்கோ.

இப்படிக்கு,
சந்தா கட்டுற ஒரு கடைக்காரன்
வடமேற்கு இங்கிலாந்து