பம்பின் அடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் ஊர் எண்ணெய் நிலையம் ஒன்றில் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றப் போயிருந்தேன். ஒரு பம்பின் அடியிலிருந்து பெட்ரோல் கசிந்து தரையில் பரவியிருந்தது. அங்கே வேலை செய்யும் தம்பி தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கால்வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கால்வாய் செம்பனைத் தோட்டத்து ஓடையில் போய்ச் சேர்கிறது. ஓடைக்கரையில் லயத்து மக்கள் கங்கோங் கீரை போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் தண்ணீரில் கரையாது, மிதந்துகொண்டே போகும். அதன் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் கால்வாய்க்குள்ளேயே தங்கும். சற்றுத் தள்ளி யாராவது குப்பை கொளுத்தினால் போதும்.

நான் 14 ஆண்டுகள் எண்ணெய் நிலையத்தில் வேலை செய்தவன். நிலத்தடித் தொட்டிக்குள் மோட்டார் வைத்த நிலையங்களில், குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கும். கசிவு தெரிந்ததும் அது எண்ணெயின் ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஒரு பம்பில் மட்டும் மெதுவாக வந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம். எல்லாப் பம்புகளிலும் ஒரே வகை எண்ணெய் மெதுவாக வந்தால் அது அந்தக் கருவி கொடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். அதைத்தான் பலர் 'மோட்டார் வீக்' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சாதாரணமாக அந்தக் கருவி பிடிப்பது மணிக்குச் சுமார் 11 லிட்டர் கசிவைத்தான். சொட்டுச் சொட்டாக ஒழுகுவது அதற்குத் தெரியாது. பம்பின் அடியில் இருக்கும் சின்னத் தொட்டியில் உணர்கருவி வைத்திருப்பார்கள். சாயங்கால மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி அலாரம் அடிக்கும். இரண்டு மூன்று தடவை அடித்ததும் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பெட்ரோலே நிறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கசிவைப் பார்த்தால் முதலில் அவசரப் பொத்தானை அழுத்தி எல்லாப் பம்புகளையும் நிறுத்த வேண்டும். பக்கத்தில் நிற்கும் வண்டிகளை ஸ்டார்ட் செய்ய விடக்கூடாது. கால்வாய் வாயை மணலால் அடைத்துவிட்டு, கொட்டியதன் மேலும் மணல் போட வேண்டும். நிறையக் கொட்டியிருந்தால் யோசிக்காமல் 999-க்குக் கூப்பிடுங்கள்.

நிலைய முதலாளிகளிடம் நான் கேட்பது இதுதான். தினமும் தொட்டி அளவையும் விற்ற அளவையும் ஒத்துப் பாருங்கள். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டுங்கள். காலையில் கடை திறந்ததும் பம்பின் கீழ்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பம்புக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். சாவி கல்லாவிலேயே இருக்கும்.

முன்னாள் எண்ணெய் நிலையப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்