தலையில் சேறு

அன்புள்ள கோபாலு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டியிருந்தாய். வாங்கிக்கொண்டேன். எல்லாரும் சௌக்கியம், தாசில்தார் மட்டும் வழக்கம்போல. 1991க்கு முன்னால் உக்ரேனியர்களுக்கு ஓட்டு என்றால் என்னவென்றே தெரியாது என்று உன்னிடம் அடித்துச் சொன்னாராமே! அதைப் படித்ததிலிருந்து கை அரிக்கிறது.

உக்ரைனின் பழைய போர்வீரர் கூட்டமான சப்போரிசியக் கோசாக்குகளையும் அவர்களுடைய சீச் என்ற தலைமைக் கோட்டையையும் பற்றி அவரிடம் கேள். ஜனவரி 1 அன்று முரசு ஒலித்ததும் 38 கூரேன்களின் ஆட்களும் மைதானத்தில் வட்டமாகக் கூடுவார்கள். கூரேன் என்றால் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் படைக்குழு. முதல் வேலை ஆறு, ஏரிகளில் மீன்பிடிப் பங்கு. எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் கிடைக்காது, அதனால் வருடா வருடம் குலுக்கல்தான். பிறகே தலைவர், நீதிபதி, எழுத்தர், எசாவுல் (தலைவரின் படை உதவி அதிகாரி) தேர்வு. பேர் அடிபட்டவன் அங்கேயே நிற்கக்கூடாது, தன் கூரேனுக்குப் போய்விட வேண்டும். தேர்ந்தெடுத்தால் இரண்டு முறை வேண்டாம் என்று மறுத்து, மூன்றாவது முறைதான் தலைமைக்கோலை வாங்குவான். அப்போது கிழட்டுக் கோசாக்குகள் தரையிலிருந்து மண்ணை அள்ளி அவன் தலையில் போடுவார்கள். மழை பெய்திருந்தால் சேறு, மீசை வழியே வழியும். பதவியேற்பு என்றால் அப்படி இருக்க வேண்டும், நம்ம சங்கத் தலைவர் மாதிரி சால்வைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு அல்ல!

ஆனால் இதிலுள்ள குறையையும் மறைக்காதே. அங்கே வாக்கை யாரும் எண்ணவில்லை. கூச்சலும் மேலே எறிந்த தொப்பியும்தான் கணக்கு. இரண்டு தரப்பும் சமமாகக் கத்தினால் அடிதடி. பெண்களுக்குக் கோட்டைக்குள்ளேயே இடமில்லை.

கோசாக்குகளின் ஹெத்மானாக, அதாவது உச்சத் தலைவராக, இருந்த ஓர்லிக்கை எனக்குப் பிடிப்பது இதனால்தான். 1710 ஏப்ரலில், பெந்தேரியில், நாடு கடந்து கிடந்த நிலையிலும் பிலிப் ஓர்லிக் எல்லாவற்றையும் ஒரு சாசனமாக எழுத்தில் கொண்டுவந்தார். பேரவை வருடத்துக்கு மூன்று முறை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பொக்ரோவா (மாதாவின் திருவிழா) ஆகிய திருநாள்களில் கூட வேண்டும். கஜானா தனிப் பொருளாளர் கையில், ஹெத்மான் அதைத் தொடக்கூடாது. தன்னை அவமதித்தவனை ஹெத்மானே தண்டிக்கவும் கூடாது, பொது நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு விதியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லையடா.

அந்தச் சாசனம் நடைமுறைக்கு வரவே இல்லை, பாவம். 1775இல் ரஷ்யப் பேரரசி காத்தரீன் சீச்சையும் இடித்தாள். கடைசித் தலைவர் கல்னிஷெவ்ஸ்கியை 25 ஆண்டு ரஷ்யாவின் வடகோடியிலுள்ள சொலோவெத்ஸ்கி மடத்துச் சிறையில் அடைத்தார்கள்.

இதைத் தாசில்தாரிடம் காட்டு. மறுப்பு இருந்தால் எழுத்தில் தரட்டும், கூச்சல் வேண்டாம்.

உன்,
ரங்கன்