அத்தைமாரை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிலம், வீடு, குலப்பெயர் எல்லாம் தாய் வழியில் போவதை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் மனைவி வீட்டில் கணவன் 'அடிக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல்', அதாவது ஊதினால் பறந்துவிடுகிறவன் என்கிற அவர்களுடைய பழமொழியை எடுத்துப் போட்டு, பிள்ளைக்கும் தகப்பன் வீட்டுக்கும் ஒட்டுறவே கிடையாது என்று முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுடைய துருன் மண்டி சடங்கை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

துருன் என்றால் இறங்குவது, மண்டி என்றால் குளிப்பது, மலாய் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பிறந்த குழந்தையை முதல் தடவை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டும் சடங்கு இது. இதில் முன்னால் நிற்பவர்கள் யார் தெரியுமா? பாக்கோ, அதாவது குழந்தையின் தகப்பனைப் பெற்ற குலத்துப் பெண்கள், நம் பேச்சில் சொன்னால் அத்தைமாரும் அப்பாயியும்.

வேலை நிமித்தம் மேற்குச் சுமத்ராவில் பயாகும்பு என்ற ஊர்ப் பக்கம் இருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டில் பார்த்தேன். பழந்துணியை இறுக்கித் திரித்த பந்தத்தை வீட்டிலேயே கொளுத்திப் புகையப் புகைய ஒருவர் முன்னால் தூக்கிப் போக, பட்டுத்துணியில் சுற்றிய குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூத்த அத்தை நடந்தார், தகப்பன் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தார். கெட்டது எதுவும் குழந்தையை அண்டாமலிருக்கத்தான் அந்தப் பந்தம். ஊர்ப் பிள்ளைகள் கூடவே ஓடி வந்ததெல்லாம் தாம்பாளத்தில் இருந்த பொரிக்காக. குளிப்பாட்டி முடிந்ததும் கைகொள்ளாமல் அள்ளிக் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்தத் தென்னங்கன்று. முளைவிட்ட தேங்காயைக் கொஞ்சம் மேலே தண்ணீரில் விட்டார்கள், அது மிதந்து வந்ததும் தாய் தங்குவாக் என்கிற சின்ன மீன்வலைக் கூடையில் ஏந்திப் பிடித்தாள், அதே கூடையில் ஆற்றுக் கற்கள் சிலவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பிள்ளை வளரும்போது மரமும் வளர்ந்து அவன் பிழைப்புக்கு ஆகும் என்றார்கள். அந்தக் கன்றைக் கொண்டு வந்ததும் பாக்கோதான். தாய் வழி நிலத்தில் பங்கு சொல்ல முடியாத தகப்பன் வீட்டார், அதே நிலத்தில் பிள்ளைக்கென்று ஒரு மரத்தை ஊன்ற வருகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாக்கோ வீட்டார் இந்தப் பிள்ளையை 'அனாக் பிசாங்', வாழைப் பிள்ளை என்று அழைப்பார்கள். வேறு குலம்தான், ஆனால் பெயர் வைத்துக் கூப்பிடும் உறவு. அதோடு கட்டுரையாளர் சாம்பல் பழமொழியைச் சொன்னவர், 'அனாக் டிபங்கு, கமனாகன் டிபிம்பியாங்' என்பதையும் சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையை மடியில் வை, உடன்பிறந்தாள் பிள்ளையைக் கைபிடித்து நடத்து என்று ஆணுக்குச் சொல்லும் வழக்கு அது. தாய்மாமனாகவும் தகப்பனாகவும் அவன் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது, சரி, அது லேசான காரியமில்லைதான், ஆனால் ஒட்டுறவு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை இந்த மக்களைப் பற்றி எழுதும்போது பாக்கோ பெண்கள் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். பொரித் தாம்பாளத்தோடு ஒரு படமும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கிள்ளான்