தேறிய உடம்பும் நடக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உடல்நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாத்திரையை நேரம் தவறாமல் போடச் சொன்னதும், ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது என்று எழுதியதும் சரி. ஆனால் ‘சத்தான உணவு, போதிய ஓய்வு’ என்று முடித்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். ஓய்வு எடுத்து எடுத்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

2005-இல் எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை நான் ஆரம்பித்தபோது என் எடை 38 கிலோ. அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போனால் முதலில் எடை மிஷினில் ஏற்றுவார்கள். யாருக்காவது அரைக் கிலோ கூடியிருந்தால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சந்தோஷம். ரொம்ப இளைத்துப் போனவர்களை அடுத்த மாதம் பார்க்க முடியாமல் போன காலம் அது. ஊரிலும் ஒருத்தி கொஞ்சம் மெலிந்தால் போதும், ‘அந்த நோயா இருக்குமோ’ என்று பேச்சு கிளம்பிவிடும். உடம்பில் சதை இருந்தால் உயிரும் தங்கும், மானமும் தங்கும் என்றிருந்தோம்.

அந்த நினைப்பு இன்னும் எங்களை விடவில்லை. நான் தையல் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மிஷின் முன்னால்தான். சில வருடங்களுக்கு முன் டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். நல்ல மருந்து, கிருமியைச் சீக்கிரம் அடக்கும். சிலருக்கு எடையும் ஏறும், எனக்கு ஏறியது. 74 கிலோவில் போய் நின்றபோதும் “நல்லா தேறிட்டீங்கம்மா” என்றுதான் சொன்னார்கள். அடுத்த வருடமே சர்க்கரை வந்தது, கூடவே கொழுப்பும்.

அப்புறம் வேறொரு டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்தாலும் உள்ளே லேசான அழற்சி இருந்துகொண்டே இருக்குமாம், அது ரத்தக் குழாய்களைக் கெடுக்குமாம். எங்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. எங்களில் பலர் போடும் மாத்திரையில் சேர்ந்திருக்கும் டெனோஃபோவிர் என்ற மருந்து எலும்பின் அடர்த்தியையும் கொஞ்சம் குறைக்கும். இதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! நடந்தால் கிருமி குறையாது, அது மாத்திரையின் வேலை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும்தான் நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபோது எச்.ஐ.வி. உள்ளவர்களையும் குறிப்பிட்டே சேர்த்திருக்கிறது. காசநோய், காய்ச்சல், ரத்தசோகை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஜிம்மில் சேர்ந்து, விஷயம் தெரிந்ததும் வெளியே அனுப்பப்பட்டான். வியர்வையில் பரவுமாம்! 1991 நவம்பரில் தனக்கு எச்.ஐ.வி. என்று உலகுக்கே சொன்ன கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன், அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வாங்கினார். அவரோடு மோதி ஆடவும் அன்று சிலர் பயந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் நம் ஊர் ஜிம்மில் அதே பயம். பொதுச் சேவை எதிலும் இப்படி ஒதுக்கக் கூடாது என்று 2017-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. அந்தப் பையன் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

மாத்திரை தரும் இடத்தில் எடை பார்ப்பவர்கள், கூடவே இடுப்பையும் அளந்து, “தினமும் நடக்கிறீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இஞ்ச் டேப் என் கடையிலேயே நாலைந்து கிடக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

பெயரையும் ஊரையும் போட வேண்டாம். காலையில் என்னோடு ஏரிக்கரையில் நடக்கும் மூன்று பெண்களைப் பொறுத்தவரை நான் வெறும் சுகர் பேஷண்ட். அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி