கொலாரிஷ் மணல் திராட்சை: எங்கள் விவசாயிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் போர்ச்சுகல் கடலோரத்தில் இருக்கும் நம் கொலாரிஷ் ஊரின் திராட்சை நிலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டின் பெரிய வேலை புது நடவு. மணலுக்கு அடியில் களிமண் தட்டும்வரை தோண்டி, கொடியை அந்தக் களிமண்ணில் ஊன்றினோம். சில இடங்களில் பல மீட்டர் இறங்க வேண்டியிருந்தது. கொடி வளர வளரத்தான் பள்ளத்தை மூட வேண்டும், அவசரப்படக் கூடாது. அந்தக் காலத்தில் தோண்டுகிறவர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டுதான் இறங்குவார். மணல் சரிந்து மூடினாலும், ஆட்கள் இழுத்து எடுக்கும்வரை மூச்சுவிட அதற்குள் கொஞ்சம் காற்று இருக்கும். நம் பாட்டன்மார் உயிரைப் பணயம் வைத்து நட்ட கொடிகள் இவை.

அந்த மணல்தான் நம்மைக் காப்பாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், திராட்சை வேரைத் தாக்கும் ஃபிலாக்சிரா பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களையெல்லாம் அழித்தபோது, மணலில் அதனால் பரவ முடியவில்லை. மற்ற ஊர்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். நம் ஊர்த் திராட்சை வகையான ராமிஸ்கு இன்னும் சொந்த வேரில் நிற்கிறது.

கடற்காற்றின் உப்பு இலையைக் கருக்காமலிருக்க, சாய்ந்துபோன நாணல் தட்டிகளைப் புதிதாகக் கட்டினோம். காய் பருத்ததும், தரையில் படர்ந்த கொடிகளுக்குக் குச்சி முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்டோம். விட்டால் சுடுமணலில் பழம் வெந்துவிடும். இளைஞர்கள் சிலர் வந்து கற்றுக்கொண்டது மிகுந்த மகிழ்ச்சி.

சரி, கவலைக்கு வருகிறேன். 1908-லேயே அரசு நமக்கு எல்லை வகுத்து, ஊர்ப்பெயரை நம் ஒயினுக்கே உரியதாக்கியது. 1931-ல் கூட்டுறவு ஒயின் ஆலையும் வந்தது. வெளியூர்க்காரர் யாரும் கொலாரிஷ் என்று சீசாவில் ஒட்ட முடியாது. ஆனால் பெயருக்கு இருக்கும் காவல் நிலத்துக்கு இல்லை. லிஸ்பன் பக்கத்தில் இருப்பதால் தோட்டம் இருந்த இடத்தில் விடுமுறை வீடுகள் எழும்பிவிட்டன. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த பரப்பில் இன்று மிச்சம் சில பத்து ஹெக்டேர்தான். ராமிஸ்கு ஒயினின் துவர்ப்பு அடங்கவே வருடக்கணக்கில் ஊற வேண்டும். மனை விற்றால் பணம் உடனே கைக்கு வரும். விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த மணல் திரும்பக் கிடைக்காதே என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே, உழ ஆளில்லாத மணல் நிலங்களைச் சங்கமே குத்தகைக்கு எடுத்து இளைஞர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பேரவை முன் வைக்கிறேன். உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்