சனிக்கிழமை ஜெபம்: வின்னிபெக்கிலிருந்து அக்காவும் சேருகிறார்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இந்தச் சனி இரவு 7 மணிக்கு திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கனடாவில், வின்னிபெக்கில் இருக்கும் என் அக்காவும் வீடியோவில் சேருவார். அங்கே அப்போது காலை 7.30.

வாடைக்காற்றுக்கே நாங்கள் போர்வை தேடுகிறோம். அங்கே காற்றோடு சேர்ந்து மைனஸ் 40 ஆகும் நாட்களில் மூடாத தோல் 10 நிமிடத்துக்குள் உறைந்துவிடும். கார் எஞ்சினைக்கூட இரவில் வயர் போட்டு கரண்டில் செருகி வைக்கிறார்கள். போன கிழமை அழைத்தபோது அக்காவின் கண்ணிமையில் பனி ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு சூப் கொடுத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

ஜெபக்குறிப்பு இதுதான். கனடாவில் 2016 முதல் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2021இல் சாவு நெருங்காதவர்களுக்கும் அதை விரித்தார்கள். உயிர் கர்த்தர் தந்தது. அதை முடிக்க நமக்கு உரிமை இல்லை. அக்கா வாக்குப்போடுவதும் இதைப் பார்த்துத்தான். ஆனால் தனியே கிடக்கும் முதியவரின் கதவைத் தட்டாமல் சட்டத்தை மட்டும் எதிர்த்தால் போதாது என்பார். சரியான பேச்சு.

அப்புறம், மழை என்றால் குடையோடு வாருங்கள். பிளேன்டீ இருக்கும்.