கூரை மூட்டையும் கச்சான் காற்றும்

ஆசிரியருக்கு,

ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் வரும் கார்களில் பாதி, கேரியரில் மூட்டையோடுதான் வருகின்றன. ஊர் திரும்பியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுகிறார்கள். இன்ஜின் மேல் பழி போடுமுன் கூரையைப் பார்க்க வேண்டும்.

வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். சாதாரண ஹேட்ச்பேக் (பின்னால் டிக்கி நீளாத சிறு கார்) 60 கி.மீ. வேகத்தில் போகையில் காற்று சுமார் 12 கிலோ பாரத்தோடு பின்னுக்குத் தள்ளும். 90-இல் அது 26 கிலோ. மீட்டர் 60 காட்டினாலும் எதிரே 30 கி.மீ. காற்று அடித்தால் கார் தாங்குவது அந்த 26 கிலோவைத்தான். கூரையில் ஒரு மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரத்துக்கு மூட்டை இருந்தால் ஏறத்தாழ இன்னும் பாதி கூடும்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய் வந்த ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடியைக் கவனியுங்கள். பானெட் சுத்தமாக இருக்கும். கண்ணாடியில் மட்டும் பவுடர் பூசியதுபோல் மணல் அப்பியிருக்கும். கூரையை ஒட்டி வழுக்கி வரும் காற்று பின்விளிம்பில் அறுந்து சுழல்கிறது. டயர் கிளப்பும் புழுதி அந்தச் சுழலில் ஏறி ஒட்டுகிறது. அங்கே அழுத்தம் குறைவு. காரைப் பின்னிழுப்பதும் பெரும்பாலும் அதுதான். மூட்டை கட்டினால் காற்று கூரையின் முன்பக்கத்திலேயே அறுந்துவிடும்.

(அரிச்சல்முனையில் காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். வால் காட்டி நிறுத்தினால், திறந்த கதவைக் காற்று பிடுங்கி டோர் ஸ்டாப்பரை முறித்துவிடும்.)

கட்டியே ஆகவேண்டுமென்றால் அடுக்காமல் பரப்புங்கள். பைகள் முன்னால் சரிவாக, பெட்டி பின்னால். தார்ப்பாயின் முன்மடிப்பு மூட்டைக்கு அடியில் போகவேண்டும். மேலே விட்டால் காற்று புகுந்து படகின் பாய்போல் உப்பி, கயிறு கோக்கும் கண்களைக் கிழிக்கும். நைலான் கயிறு நனைந்தால் தளரும், 20 கி.மீ. போனதும் நிறுத்தி இறுக்க வேண்டும். வெறும் கேரியர் விசிலடித்தால் குழாயில் கயிற்றைத் திருகலாகச் சுற்றுங்கள், அடங்கும். கழற்றி வீட்டில் வைப்பது இன்னும் நல்லது.

ராமேசுவரம் போகையில் பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வலப்பக்கம் அடிக்கும். எதிரே பஸ் கடக்கையில் ஒரு கணம் காற்று மறைந்து, பஸ் போனதும் திரும்ப அறையும். பதறி ஸ்டியரிங்கை வெட்டுவதால்தான் கார் தடம் மாறுகிறது. 40-க்குக் குறைத்தால் சமாளிக்கலாம். பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் சிவப்பாகும் ஏற்பாடு இருந்தது. சாலைப் பாலத்தின் மண்டபம் முனையில், ஓட்டுநர் கண்ணில் படும்படி காற்றின் திசையும் வேகமும் காட்டும் துணிக் காற்றுப்பை ஒன்றைத் தொங்கவிட மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

ஒரு கார் மெக்கானிக்,
உச்சிப்புளி